4942 சி.சி.

அத்தியாயம் 9

காவல் நிலையத்தின் பின்பக்கம் அந்தக் கார் நாற்பது நாளாக பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாஸ் அதற்குள் தலையை விட்டு இருபது நிமிஷம் ஆகிவிட்டது. வெளியே தெரிந்தது அவருடைய இடுப்பும் இரண்டு செருப்பும்தான்.

“பாஸ், உயிரோட இருக்கீங்களா? இல்ல இன்னொரு கேஸ் ஃபைல் பண்ணச் சொல்லவா?”

“வெர்னியரைக் கொடு.”

கொடுத்தேன். என் ஜோக்குக்கு அவர் சிரித்து ஆறு வருஷமாகிறது. நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன், ஜோக் இலவசம். அவர் முன்னாளில் இன்சூரன்ஸ் சர்வேயர். எதைப் பார்த்தாலும் அளக்காமல் விடமாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. நான் அவருக்கு வைத்த பெயரை இங்கே எழுதினால் நாளைக்கே வேலை போய்விடும்.

விஷயம் இதுதான். வண்டிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரின் கார் இது. பழைய வெளிநாட்டு வண்டி, முப்பது வயசு. கைவிடப்பட்ட கல்குவாரியின் குட்டையில் மூழ்கிக் கிடந்ததை கிரேன் வைத்துத் தூக்கினார்கள். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. குட்டையின் அடியில் பத்தடிக்குச் சேறு, உடம்பு அதில் புதைந்திருக்கும் என்று எழுதிவிட்டார்கள். பிரேக் பைப்பின் நட்டை யாரோ தளர்த்தியிருந்தார்கள். இரண்டு நாள் முன்னால் அந்தக் காரை சர்வீஸ் பண்ணியவர் குமாஸ்தாவின் மச்சினன், ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அவரைப் பிடித்து உள்ளே வைத்தாயிற்று. நாளைக் காலை பத்து மணிக்குக் கொலைக் குற்றப்பத்திரிகை.

எங்களிடம் வந்தவர் குமாஸ்தாவின் மனைவி. ஒரே நாளில் புருஷனையும் இழந்து, கூடப் பிறந்த தம்பியையும் ஜெயிலுக்குப் பறிகொடுத்தவர். தம்பியையாவது மீட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். கேட்டபோது குரலில் ஒன்றுமே இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதைப் போல இருந்தது.

பாஸ் தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கிரீஸ்.

“எழுதிக்கோ. சிலிண்டர் விட்டம் நூத்தியொண்ணு புள்ளி ஆறு மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்குற தூரம் எழுபத்தாறு புள்ளி ரெண்டு. எட்டு சிலிண்டர். பெருக்கு.”

“கால்குலேட்டர்லயா, கண்ணீர்லயா?”

பெருக்கினேன். 4942 சி.சி. கையிலிருந்த பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். இன்ஜின் கொள்ளளவு: 4942 சி.சி.

நிழலில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் கைதட்டினார். “பொருந்திடுச்சா? இன்ஜின் நம்பரும் பொருந்துதுன்னு நான் அன்னிக்கே பார்த்துட்டேன் சார். கிளம்புங்க, எனக்கு வேலை இருக்கு.”

அவருடைய வேலை மேஜைமேல் டிபன் பாக்ஸாக இருந்தது. நான் கிளம்பத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் இன்ஜினின் இரும்பு உடம்பில் வார்ப்பிலேயே எழுந்து நின்ற எண் கண்ணில் பட்டது. 302.

“பாஸ், இது கியூபிக் இன்ச்தானே? ஒரு கியூபிக் இன்ச்சுக்கு பதினாறு புள்ளி மூணு எட்டு ஏழு சி.சி.ன்னு புத்தகத்தோட பின்னட்டையிலயே போட்டிருக்கு. முன்னூத்தி ரெண்டை அதால பெருக்கினா 4949 வருது. ஏழு சி.சி. இடிக்குதே?”

“இடிக்காது. உண்மையில அது முன்னூத்தியொண்ணு புள்ளி ஆறு. வார்க்கிறவங்க முழுசாக்கி ரெண்டுன்னு போட்டுட்டாங்க.”

“ஏழு சி.சி.ங்கிறது ஒன்றரை ஸ்பூன் இருமல் மருந்து. இதுக்குப் போய்…” என்றார் இன்ஸ்பெக்டர்.

பாஸ் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கேஸ் அவருக்குப் பிடிக்காமல் போகும்போதுதான் அப்படிச் செய்வார்.

“ரொம்ப சரியா இருக்கு வாயாடி.”

“சரியா இருந்தா சந்தோஷப்படணும் பாஸ். ஊர் உலகத்துல அதுதான் வழக்கம்.”

“முப்பது வருஷம் ஓடின இன்ஜின். புத்தகத்துல இருக்கிற அளவு, புள்ளி பிசகாம அப்படியே இருக்கு. இந்த வயசுக்கு ஒரு தடவையாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசு பண்ணியிருக்கணும். இதுல பண்ணலை. அப்புறம், இங்க பாரு.”

எக்ஸாஸ்ட் குழாய்க்குக் கீழே கிரீஸை வழித்துக் காட்டினார். மஞ்சள் பெயின்ட்டில் விரல் நீளத்துக்கு ஒரு டிக். அதன் கீழே ஒரு வட்டம்.

“இது யாரோட கையெழுத்து?” என்றேன்.

“அதைக் கேக்கறதுக்கு முன்னாடி அந்தம்மாவைப் பார்க்கணும்.”

* * *

அந்த அம்மாள் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. சுவரோரம் இரண்டு மெஷின், நடுவே துணி வெட்டும் நீள மேஜை. நாங்கள் நுழைந்தபோது சாம்பல் நிறத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் இன்ச் டேப். இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர்.

“என்னக்கா, விரல்ல?”

“மெஷின் ஊசி ஏறிடுச்சு. துணியில ரத்தம் பட்டதுக்கப்புறம்தான் பார்த்தேன்.” கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார். “வலிக்கலை. தெரு முழுக்க என்னைப் பத்திதான் பேச்சு. புருஷன் செத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையாம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். வரலை. தைக்க வேண்டிய துணி இருந்துது, எழுந்து தைக்க ஆரம்பிச்சுட்டேன்.”

தயாராக வைத்திருந்த ஜோக்கைத் திருப்பிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இந்த வீட்டுக்குள் வந்தால் எனக்கும் ஏதோ மரத்துப்போகிறது. சோகம் என்றால்கூடப் பரவாயில்லை, அதற்கு ஆறுதல் சொல்ல வார்த்தை இருக்கிறது.

பாஸ் அவரைப் பார்க்கவில்லை. துணி நழுவாமல் இருக்க மேஜையின் நான்கு மூலையிலும் வைத்திருந்த பாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி இல்லாத தடித்த டம்ளர் போல, கவிழ்த்து வைத்த அலுமினியத் துண்டுகள். ஒன்றைக் கையிலெடுத்தார்.

“பிஸ்டன்.”

“ஆமா சார். தம்பி கொடுத்தான். மொத்தம் எட்டு இருக்கு. நாலு இங்க, நாலு உள்ளே.”

பாஸ் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். எடுக்காமலிருந்தால்தான் ஆச்சரியம். அளந்தார், திருப்பி அளந்தார், பிஸ்டனின் உள்பக்க எண்ணைப் பதிவுப் புத்தகத்தின் மாடல் எண்ணோடு ஒப்பிட்டார். பிறகு மிக மெதுவாக அதைத் துணிமேல் வைத்தார்.

“அம்மா, இந்த எட்டும் உங்க வீட்டுக்காரர் காரோடது. எப்பக் கழட்டினது?”

சாக்பீஸ் நின்றது. நாற்பது நாளில் அந்த முகத்தில் நான் பார்த்த முதல் அசைவு, பயம்.

“அவருக்குத் தெரியாது சார்.”

“என்ன தெரியாது?”

“ரெண்டு வருஷம் முன்னாடி. அவர் ட்ரெயினிங்னு மூணு மாசம் வெளியூர் போயிருந்தார். வண்டி புகையா கக்குதுன்னு தம்பிகிட்டக் கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்துட்டு போன் பண்ணான். சிலிண்டர் எல்லாம் கீறிக் கிடக்கு, கடைஞ்சு புது பிஸ்டன் போட்டாத்தான் ஓடும்னான். முப்பது ஓவர்னான். எனக்கு என்ன புரியும்? எவ்வளவுடான்னேன். ஒரு இன்ச்சுல ஆயிரத்துல முப்பது பங்கு, உன் பதினொண்ணாம் நம்பர் ஊசி கனம்தான் அக்கான்னான். ஊசி கனம்தானேன்னு சரின்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் அவன் கணக்குப் போட்டான். ஊசி கனம் எட்டு சிலிண்டர்லயும் சேர்ந்து எழுபத்தஞ்சு சி.சி. ஏறிடுச்சு. அஞ்சாயிரத்துப் பதினேழு.” குரலைத் தாழ்த்தினார், அந்த எண் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும் என்பதைப் போல. “அஞ்சாயிரத்தைத் தாண்டினா வேற வகுப்பு. மறுபடி சோதனை, புதுப் புத்தகம். அது போகட்டும் சார். புத்தகத்துல ஒரு நம்பர், வண்டியில ஒரு நம்பர்னா அவரால தாங்க முடியாது. ஆபீஸ்ல நாள் முழுக்க கியூபிக் இன்ச்சை சி.சி.யா மாத்தறதுதான் அவர் வேலை. ஒரு வயசானவர் 4949ன்னு எழுதிட்டார்னு அந்த ஏழு சி.சி.க்காக மூணு தடவை திருப்பி அனுப்பினவர். வீட்டுக்கு வந்து அதை சந்தோஷமா சொன்னார். மாமாகிட்ட மூச்சு விடாதே அக்கான்னு தம்பி சத்தியம் வாங்கிட்டான்.”

“அவர் திரும்பி வந்து ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலையா?” என்றேன்.

“வண்டி முன்னைவிட இழுக்குதுன்னார். தான் மாத்தின ஆயிலாலன்னார்.”

“இந்த பிஸ்டனெல்லாம் மேஜைமேலயே இருந்துதே அக்கா?”

“ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கு. அவர் இந்த மேஜையைப் பார்த்ததே இல்லைம்மா.”

அதைப் புகாராகக்கூடச் சொல்லவில்லை. தையல் கூலி சொல்வதைப் போலச் சொன்னார்.

பாஸ் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டார். விவரம் சொன்னார். எதிர்ப்பக்கச் சத்தம் எனக்கே கேட்டது.

“அப்படின்னா குட்டையில கிடந்த வண்டியில இருந்தது அவரோட இன்ஜினே இல்ல! அருமை சார். நல்ல இன்ஜினை மச்சினன் உருவிக்கிட்டான், ஏதோ பழசை மாட்டினான், குட்டு வெளிப்படும்னு ஆளையே முடிச்சுட்டான். கொலைக்குக் காரணம் இல்லாம முழிச்சிட்டிருந்தேன், கொண்டுவந்து கொடுத்திட்டீங்க. ரொம்ப நன்றி!”

பாஸ் போனையும், அளந்து பார்த்த அந்த ஒரு பிஸ்டனையும் கோட்டுப் பைக்குள் வைத்தார். தம்பியைக் காப்பாற்றப் போய் கயிற்றை இறுக்கிவிட்டோம். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கத்தரிக்கோலை எடுத்து, கோடு போட்ட இடத்தில் துணியை வெட்டத் தொடங்கினார்.

“போயிட்டு வாங்க சார். இதை ஆறு மணிக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும்,” என்றார்.

* * *

நகரத்தில் பழைய இன்ஜின் விற்கிற காயலான் கடைகள் பதினொன்று. மஞ்சள் டிக்கும் வட்டமும் ஏழாவது கடையில் கிடைத்தன. கதவு முதல் கழிப்பறை வரை எல்லாவற்றிலும் அதே டிக், அதே வட்டம்.

“பார்த்த சரக்குக்கு டிக். சிலிண்டரைக் கடையாத, ரீபோர் பண்ணாத சரக்குக்கு வட்டம்,” என்றார் கடைக்காரர், பனியனில் கையைத் துடைத்தபடி. “வட்டம் போட்டது இப்ப கிடைக்காது சார். உங்களுக்கு என்ன வேணும்? முன்னூத்தி ரெண்டா, முன்னூத்தி ஐம்பதா?”

“4942 வேணும்,” என்றார் பாஸ்.

கடைக்காரரின் கை நின்றது.

“என்னண்ணே, பேயைப் பார்த்த மாதிரி நிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. இந்தத் தொழில்ல முப்பது வருஷமா இருக்கேன். முன்னூத்தி ரெண்டுன்னு கேப்பாங்க. தெரியாதவங்க அஞ்சு லிட்டர்னு கேப்பாங்க. நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டுன்னு கடைசி ரெண்டு இலக்கம் வரைக்கும் கேட்டது ஒரே ஒருத்தர்தான். இப்ப நீங்க.”

“அவருக்கு என்ன கொடுத்தீங்க?”

“அது வந்து… சாதாரண வியாபாரம்தான் சார்.”

“சாதாரண வியாபாரத்துல இன்ஜின் நம்பரை ராவிட்டு வேற நம்பர் அடிச்சுக் கொடுக்க மாட்டாங்க,” என்றார் பாஸ் அமைதியாக. “அந்த இன்ஜின் இப்ப கொலைக் கேஸ்ல இருக்கு. நாளைக்குக் காலையில சம்பந்தமில்லாத ஒருத்தன் மேல குற்றப்பத்திரிகை. உங்களுக்கு அதுல பங்கு வேணுமா?”

கடைக்காரர் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் முப்பது வருஷக் கம்பீரமும் காற்று இறங்கிப்போயிற்று.

“கார் குட்டையில விழுந்ததுன்னு பேப்பர்ல வந்துதே, அதுக்கு முந்தின நாள் காலையில வந்தார். பழைய இன்ஜினை இறக்கிட்டு வேற ஏத்தணும்னார். ரீபோர் பண்ணாததா இருக்கணும், புத்தகத்துல இருக்கிற அளவு அப்படியே இருக்கணும்னார். ஆறு இன்ஜின் காட்டினேன். ஒவ்வொண்ணையும் ஸ்கேல் வச்சு அளந்தார். ஒண்ணு முப்பது ஓவர், அருமையான சரக்கு. அதைத் தொட்டுட்டுக் கையை உதறினார் சார். ‘இது அஞ்சாயிரத்துப் பதினேழு, இதை யார் தொடுவா’ன்னார்.”

பாஸ் என்னைப் பார்த்தார். 

உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் அந்த இன்ஜின் கடையப்பட்டது தெரியும், அக்காவுக்கும் தம்பிக்கும். அக்கா ஊசி கனத்தை மறந்தவரில்லை. தம்பி இன்ஜினை மாற்றியிருந்தால் முப்பது ஓவரைக் கண்டதும் வாங்கிக்கொண்டு போயிருப்பார், தான் கடைந்ததற்கு அதுதானே ஜோடி. புத்தகத்தில் இருப்பதுதான் வண்டியிலும் இருக்கிறது என்று நம்பக்கூடிய ஆள் ஒருவர்தான் உண்டு.

நான் பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினேன். அலுவலக அடையாள அட்டைப் படம். வகிடு நேராக இருந்தது.

“இவரேதான்,” என்றார் கடைக்காரர். “செயின் பிளாக் போட்டு நானே இறக்கினேன், நானே ஏத்தினேன். நம்பரையும்… அடிச்சேன், தப்புதான்.”

“இறக்கின இன்ஜின் எங்க?”

“அவர்தான் கொண்டுபோனார். மரப்பெட்டி செய்யச் சொன்னார். கீறல் விழக்கூடாதுன்னு கார்லேருந்து ஒரு பச்சைக் கம்பளிப் போர்வையை எடுத்து அவரே சுத்தினார். நான் சுத்தறேன்னேன், தொட விடலை. வாடகை லாரி வந்துது. எங்க போச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது சார்.”

திரும்பி வரும்போது காரில் பாஸ்தான் முதலில் பேசினார். “செத்துட்ட மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு எங்கேயோ போயிட்டார், ஏன்னு அவர்தான் சொல்லணும். காரைக் குட்டையில தள்ளணும். இன்ஜினோட தள்ள மனசு வரலை.”

“மச்சினன் மாட்டுவான்னு தெரிஞ்சே பிரேக் நட்டைத் தளர்த்தினாரா பாஸ்?”

“தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டார். விபத்து மாதிரி இருக்கணும்னு மட்டும் நினைச்சிருப்பார். மத்தவங்க யாரும் அவர் நினைப்புல இல்லை.”

நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

* * *

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் கடைக்காரரின் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார். மூன்றாம் தடவை படித்துவிட்டு, “ஆளு உயிரோட இருக்கான்னா எனக்குக் கொலைக் கேஸே இல்லையா?” என்று வருத்தத்தோடு கேட்டார். ஐந்து மணிக்கு தம்பியை வெளியே விடும் காகிதத்தை எழுதத் தொடங்கினார். நாங்கள் தையல் கடைக்குப் போனோம்.

சாம்பல் துணி சட்டையாகித் தொங்கிக்கொண்டிருந்தது. பாஸ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், எதையும் மென்மையாக்காமல். தம்பி ஒரு மணி நேரத்தில் வருவார் என்று முதலில் சொன்னார். அதற்கு அந்த அம்மாள் கண்ணை மூடித் திறந்தார். மீதியைக் கேட்கும்போது கண் திறந்தே இருந்தது.

போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று பாஸுக்கு ஜாடை காட்டினேன். அவருக்கு ஜாடையெல்லாம் புரியாது.

“பச்சைக் கம்பளியா?” என்றார் அந்த அம்மாள். “ஓரத்துல வெள்ளைத் தையல் போட்டதா?”

“தையல் பத்தி அவர் சொல்லலைம்மா. பச்சைன்னுதான் சொன்னார்.”

“நான்தான் ஓரம் தைச்சேன். குளிருதுன்னு வீடு முழுக்கத் தேடினேன், நாப்பது நாளா.”

மெஷினின் முன்னால் போய் உட்கார்ந்தார். விரல் பிளாஸ்டரை மெதுவாக உரித்தார். உள்ளே காயம் ஆறியிருந்தது. அதை அழுத்திப் பார்த்தார். ஏதாவது வருகிறதா என்று அவரே சோதித்துப் பார்ப்பதைப் போல இருந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

“அவரைத் தேடுவாங்களா சார்?”

“தேடத் தேவை இருக்காது. அந்த இன்ஜினை சும்மா பெட்டிக்குள்ள வச்சுப் பார்த்துட்டிருக்க அவரால முடியாது. வேற பேர்ல ஒரு பழைய வண்டி வாங்குவார், அதுல ஏத்துவார், பதிவு பண்ண வருவார். பழைய இன்ஜின்னா மேல்மூடியைக் கழட்டி அளந்துதான் பதிவு பண்ணணும்னு ஒரு விதி இருக்கு.”

“தெரியும். அதைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஒரு வாரம் அதைப் பத்தியே பேசிட்டிருந்தார்.”

“அதனாலதான் தைரியமா வருவார். விண்ணப்பத்துல 4942ன்னு எழுதுவார். அளக்கிறவன் 5017ன்னு சொல்வான். எல்லாப் பதிவு அலுவலகத்துக்கும் இன்னிக்கே தகவல் போகுது. புத்தகத்தைவிட எழுபத்தஞ்சு சி.சி. அதிகமா ஒரு முன்னூத்தி ரெண்டு வந்தா, கொண்டுவந்த ஆளை உட்கார வைக்கச் சொல்லியாச்சு.”

அந்த அம்மாள் ஊசியில் நூல் கோத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டார்.

“ரெண்டு வருஷம் சார். புருஷன்கிட்ட ஒரு விஷயத்தை மறைக்கிறோமேன்னு எத்தனையோ நாள் சாப்பாடு இறங்கலை. சொல்லிடலாம்னு அவர் எதிர்ல போய் நிப்பேன். பேப்பர்லேருந்து தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். திரும்பி வந்துடுவேன்.” மிதியில் காலை வைத்தார். “அவர் இருக்கிற இடம் எப்படியாவது உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சுதுன்னா, ஒரு உதவி பண்ணுவீங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“அந்த நம்பரை மட்டும் அவர்கிட்ட யாரும் சொல்லிட வேண்டாம். அதை அவரே அளந்து தெரிஞ்சுக்கட்டும்.”

பாஸ் தலையசைத்தார்.  பாஸின் கோட்டுப் பைக்குள் காலையிலிருந்து கிடந்த பிஸ்டனை எடுத்து மேஜையின் காலியான மூலையில் வைத்தேன். அடுத்த துணி அங்கே விரித்துத் தயாராக இருந்தது.